அமெரிக்கக் கால்பந்தை வெளிநாட்டிலிருந்து பார்க்கத் தொடங்குவோருக்கு: விதிகளையும் இடங்களையும் எந்த வரிசையில் கற்பது?

அமெரிக்கக் கால்பந்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கும் பலர் இரண்டு மூன்று ஆட்டங்களோடு விட்டுவிடுகிறார்கள். விதிகள் கடினமாக இருப்பதால் அப்படி நடக்கிறது என்று நான் நினைக்கவில்லை. அவற்றை முன்பின்னாகக் கற்பதே பெரும்பாலும் காரணம். இணையத்தில் தேடினால் முதலில் கிடைப்பது இருபத்திரண்டு ஆட்டக்காரர்களின் இடங்களைப் பெயரோடு காட்டும் ஒரு படம். அதை மனப்பாடம் செய்துவிட்டுத் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்தால் ஒருவரும் அந்தப் படத்தில் நின்ற இடத்தில் நிற்பதில்லை. ஆட்டம் ஏன் நிற்கிறது, ஏன் மறுபடி தொடங்குகிறது என்பதும் விளங்குவதில்லை. சொல்லித்தர ஆளில்லாமல் இதையெல்லாம் நானே துழாவிக் கற்க நேர்ந்ததால், எந்த வரிசையில் கற்றால் சிரமம் குறையும் என்பதை இங்கே எழுதுகிறேன். முதலில் டவுன் (பந்தை வைத்திருக்கும் அணிக்குக் கிடைக்கும் ஒவ்வொரு வாய்ப்பு), அடுத்து கடிகாரம், அதன் பிறகே ஆட்டக்காரர்களின் இடங்கள், கடைசியில் தண்டனைகள் என்பதே நான் பரிந்துரைக்கும் வரிசை.

கீழே சொல்லப்படுவன அனைத்தும் என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீகின் 2025 பருவத்து விதிகள். கல்லூரி ஆட்டங்களுக்கும் கனடா லீகுக்கும் விதிகள் வேறு. தேடுபொறியில் கிடைக்கும் விளக்கங்களில் இம்மூன்றும் கலந்தே வரும் என்பதால், ஒரு கட்டுரையில் மூன்று டவுன் என்றோ ஓர் அணிக்குப் பன்னிரண்டு பேர் என்றோ படித்தால் அது கனடா ஆட்டத்தைப் பற்றியது என்று அறிந்து ஒதுக்கிவிடுங்கள்.

1. தொடங்குமுன் திரட்ட வேண்டிய ஆவணங்களும் ஆகும் செலவும்

விதிப்புத்தகத்தை லீகே ஆண்டுதோறும் தன் ஆட்டச் செயல்பாட்டு இணையதளத்தில் இலவசமாக வெளியிடுகிறது. பதிவிறக்கிக்கொள்ளுங்கள், ஆனால் முதல் பக்கத்திலிருந்து படிக்க முயலாதீர்கள். மூன்றாம் விதி சொற்களின் வரையறைகளைத் தருகிறது, நான்காம் விதி ஆட்ட நேரத்தைப் பற்றியது, எட்டாம் விதி பந்தை எறிவதைப் பற்றியது. தொடக்கத்தில் இம்மூன்றும் போதும். எந்த ஆண்டின் பதிப்பு என்பதை உறையில் சரிபார்த்துக்கொள்வது முக்கியம். விதிகள் ஒவ்வோர் ஆண்டும் வசந்த காலத்தில் திருத்தப்படுகின்றன, ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் உதையின் விதி 2024-இலும் 2025-இலும் அடுத்தடுத்து மாறியிருக்கிறது.

இரண்டாவது ஆவணம், ஒவ்வோர் ஆட்டமும் முடிந்ததும் வெளியாகும் நகர்வு வாரியான பதிவு (பந்து ஆட்டத்துக்கு வந்து மறுபடி நிற்கும்வரை நடப்பது ஒரு நகர்வு). புதியவர்களுக்கு இதைவிட நல்ல பாடநூல் இல்லை என்பது என் உறுதியான கருத்து. அதில் ஒவ்வொரு வரியும் '3-7-கே.சி. 45' என்பது போலத் தொடங்கும்: மூன்றாம் டவுன், இன்னும் ஏழு யார்டு தேவை, பந்து கன்சாஸ் சிட்டி அணியின் பாதியில் 45-ஆம் கோட்டில் இருக்கிறது. ஆட்டத்தின் ஒளிப்பதிவை ஒரு பக்கமும் இந்தப் பதிவை மறுபக்கமும் வைத்துக்கொண்டு ஒரு காலாட்டத்தை (ஆட்டத்தின் நான்கில் ஒரு பகுதியை) முழுமையாகப் பாருங்கள். பத்து விளக்கக் கட்டுரைகள் தராத தெளிவு அதில் கிடைக்கும்.

மூன்றாவதாக, அணிகள் வாரந்தோறும் வெளியிடும் காயப் பட்டியலும், ஒவ்வோர் இடத்திலும் முதலில் ஆடுபவர் யார், மாற்று யார் என்று காட்டும் இட வரிசைப் பட்டியலும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்றால் புதன், வியாழன், வெள்ளி ஆகிய மூன்று நாளும் காயப் பட்டியல் வரும். அன்று ஆடாதவர்கள் யார் என்ற இறுதிப் பட்டியல் ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்பு வெளியாகும். தொடக்கத்தில் இவை தேவைப்படமாட்டா. ஓர் அணியைத் தொடர்ந்து பார்க்கத் தொடங்கிய பிறகு தவிர்க்க முடியாதவை ஆகிவிடும்.

செலவு என்று பார்த்தால் மேலே சொன்ன எதற்கும் காசு இல்லை. ஆட்டச் சுருக்கங்கள் லீகின் யூடியூப் அலைவரிசையில் இலவசமாகவே கிடைக்கின்றன. முழு ஆட்டங்களை நேரலையில் பார்க்க, அமெரிக்காவுக்கு வெளியே பெரும்பாலான நாடுகளில் 2023 முதல் டாஸோன் தளத்தின் வழியாக விற்கப்படும் கேம் பாஸ் சந்தா இருக்கிறது. அதன் விலை நாட்டுக்கு நாடு வேறுபடும். பணம் கட்டுமுன் மூன்று விவரங்களைப் பாருங்கள்: சந்தா முழுப் பருவத்துக்கா, மாதத்துக்கா, பருவத்தின் கடைசி ஆட்டமான சூப்பர் பவுலும் அதற்கு முந்தைய இறுதிச்சுற்று (பிளேஆஃப்) ஆட்டங்களும் உங்கள் நாட்டில் அதில் அடங்குமா, அடுத்த ஆண்டு தானாகப் புதுப்பிக்கப்படுமா. மூன்றாவதைக் கவனிக்காமல் விட்டால், ஆட்டமே நடக்காத மாதத்தில் அட்டையிலிருந்து பணம் போகும்.

2. நான்கு வாய்ப்புகளும் பத்து யார்டுகளும்

ஆட்டக்களம் இரு கோல் கோடுகளுக்கு இடையே 100 யார்டு நீளம் உள்ளது. ஒரு யார்டு என்பது நாம் துணி அளக்கும் ஒரு கெஜம்தான், ஏறத்தாழ 91 சென்டிமீட்டர். கோல் கோட்டுக்குப் பின்னால் இரு முனைகளிலும் பத்துப் பத்து யார்டு ஆழத்தில் எண்ட் ஸோன் என்ற பகுதி இருக்கிறது. அதற்குள் பந்தைக் கொண்டுசேர்ப்பதே தாக்கும் அணியின் நோக்கம்.

பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள் தரப்படுகின்றன. ஒவ்வொரு வாய்ப்பும் ஒரு டவுன். அந்த நான்கு டவுன்களுக்குள் குறைந்தது பத்து யார்டு முன்னேறினால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும், மேலும் நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். முன்னேறாவிட்டால், நான்காவது முயற்சி முடிந்த அதே இடத்தில் பந்து எதிரணியின் கைக்குப் போய்விடும். ஆட்டத்தின் முதுகெலும்பு இதுதான். மற்ற விதிகள் அனைத்தும் இந்த ஒரே விதியைச் சுற்றிக் கட்டப்பட்டவை.

தொலைக்காட்சித் திரையின் புள்ளிப் பட்டையில் எப்போதும் இரண்டு எண்கள் சேர்ந்தே தெரியும். முதல் எண் எத்தனையாவது டவுன் என்பது. இரண்டாவது எண் இன்னும் எத்தனை யார்டு தேவை என்பது. முதல் டவுனில் பத்து தேவை என்ற நிலையில் ஓர் அணி நான்கு யார்டு ஓடினால் அடுத்த நகர்வு இரண்டாம் டவுனில் ஆறு. அதில் எறிந்த பந்தைப் பிடிக்காமல் தவறவிட்டால் மூன்றாம் டவுனில் ஆறு. களத்தின் குறுக்கே தெரியும் மஞ்சள் கோடு எட்டவேண்டிய இடத்தைக் காட்டுகிறது. அது தொலைக்காட்சிக்காரர்கள் வரைவது. களத்தில் அப்படி ஒரு கோடு கிடையாது. நடுவர்கள் அளப்பது சங்கிலி பிடிக்கப்பட்ட கம்புகளையும், 2025 முதல் ஒளிப்படக் கருவிகளின் அளவீட்டையும் கொண்டு.

முதல் சில ஆட்டங்களில் பந்தைப் பின்தொடர முயலாதீர்கள். ஒவ்வொரு நகர்வுக்கும் முன் இந்த இரண்டு எண்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மூன்றாம் டவுனில் ஒரு யார்டு என்றால் பந்தைக் கையில் கொடுத்து நடுவே மோதி ஓடுவார்கள் என்று எதிர்பார்க்கலாம். மூன்றாம் டவுனில் பன்னிரண்டு என்றால் எறியத்தான் வேண்டும், அது தடுக்கும் அணிக்கும் தெரியும். கிரிக்கெட்டில் தேவைப்படும் ரன்னையும் மீதமுள்ள பந்துகளையும் வைத்து அடுத்த பந்தை எப்படி ஆடுவார்கள் என்று ஊகிப்பது போன்றதே இதுவும். அந்த ஊகம் சரியாக அமையத் தொடங்கும்போது ஆட்டம் உங்களுக்குப் பிடிபட்டுவிட்டது என்று பொருள்.

நான்காம் டவுனில் என்ன செய்வது என்பது தனியான முடிவு. பந்தை உதைத்து எதிரணியைத் தொலைவுக்குத் தள்ளிவிடலாம். கோல் கம்பத்துக்கு அருகில் இருந்தால் மூன்று புள்ளிக்கு உதைக்கலாம். துணிந்து நான்காவது முயற்சியையும் ஆடலாம். துணிவது இன்று முன்னைவிட அதிகம். ஒரு யார்டு தேவை என்ற நிலையில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணி, பந்தை வாங்கி நகர்வை நடத்தும் குவார்ட்டர்பேக்கைப் பின்னாலிருந்து மொத்தமாகத் தள்ளிக்கொண்டுபோகும் முறை மிகவும் வெற்றிகரமாக இருந்ததால், அதைத் தடைசெய்யலாமா என்று 2025 மே மாதத்தில் அணி உரிமையாளர்கள் வாக்கெடுப்பே நடத்தினார்கள். தடைக்குப் போதிய வாக்குகள் கிடைக்கவில்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. களத்தின் எண்கள் 0-இலிருந்து 100 வரை போவதில்லை. இரு பக்கமும் 0-இல் தொடங்கி நடுவில் 50-இல் முடிகின்றன. 'சொந்த 30' என்றால் இன்னும் 70 யார்டு போகவேண்டும். 'எதிரணியின் 30' என்றால் 30 யார்டுதான் மீதம். வர்ணனையாளர் சொல்லும்போது எந்த அணியின் பாதி என்பதைக் கேட்காமல் விட்டால் எல்லாம் தலைகீழாகிவிடும்.

3. புள்ளிகள்

எண்ட் ஸோனுக்குள் பந்தைக் கொண்டுசேர்த்தால் டச்டவுன், ஆறு புள்ளி. பந்தைத் தரையில் வைக்கவேண்டியதில்லை. பந்தின் முனை கோல் கோட்டைத் தொட்டாலே போதும். ரக்பி பார்த்துப் பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். டச்டவுனுக்குப் பின் ஓர் உதை உதைத்து ஒரு புள்ளி சேர்க்கலாம், அல்லது இரண்டு யார்டு தொலைவிலிருந்து மறுபடி ஒரு முறை ஆடி இரண்டு புள்ளி எடுக்கலாம். கம்பங்களுக்கு இடையே பந்தை உதைக்கும் ஃபீல்டு கோலுக்கு மூன்று. பந்தை வைத்திருப்பவரை அவருடைய சொந்த எண்ட் ஸோனிலேயே வீழ்த்தினால், தடுத்த அணிக்கு இரண்டு புள்ளியும் அடுத்துப் பந்தும் கிடைக்கும்.

ஃபீல்டு கோலின் தூரத்தைக் கணக்கிட, பந்து இருக்கும் கோட்டின் எண்ணோடு 17-ஐக் கூட்டுங்கள். கம்பம் எண்ட் ஸோனின் பின்னெல்லையில் இருப்பதால் பத்து, பந்தைப் பின்னால் அனுப்பி நிறுத்துவதால் ஏறத்தாழ ஏழு. எதிரணியின் 33-இல் நின்றால் 50 யார்டு உதை.

4. கடிகாரம்

பெரும்பாலானோர் சிக்கிக்கொள்வது இங்கேதான், நிதானமாகப் படியுங்கள். ஆட்டம் 15 நிமிடங்கள் கொண்ட நான்கு காலாட்டங்களாக நடக்கிறது. ஆனால் நடைமுறையில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகவே ஆகும். காரணம், கடிகாரம் சில வேளைகளில் ஓடும், சில வேளைகளில் நிற்கும்.

பந்தோடு ஓடியவர் களத்துக்குள்ளேயே வீழ்த்தப்பட்டால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். எறிந்த பந்து யாராலும் பிடிக்கப்படாமல் தரையில் விழுந்தால் நிற்கும். புள்ளி எடுத்தாலும், பந்து அணி மாறினாலும், அணித்தலைமை நேரம் கேட்டாலும் நிற்கும். பந்தோடு எல்லைக்கோட்டுக்கு வெளியே போனாலும் நிற்கும். ஆனால் முதல் பாதியின் கடைசி இரண்டு நிமிடங்களையும் இரண்டாம் பாதியின் கடைசி ஐந்து நிமிடங்களையும் தவிர மற்ற வேளைகளில் நடுவர் பந்தை வைத்துச் சைகை காட்டியதும் மறுபடி ஓடத் தொடங்கிவிடும். இந்த விதிவிலக்கு தெரியாமல்தான், ஒரே மாதிரியான நகர்வுக்கு ஒரு முறை கடிகாரம் நிற்பதையும் இன்னொரு முறை ஓடுவதையும் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள்.

ஒவ்வொரு பாதியிலும் இரண்டு நிமிடம் மீதமிருக்கும்போது ஆட்டம் தானாக ஒரு முறை நிறுத்தப்படும். ஓர் அணிக்கு ஒரு பாதிக்கு மூன்று நேரக் கோரிக்கைகள் (டைம் அவுட்) உண்டு. இவை போக, ஒரு நகர்வு முடிந்து அடுத்த நகர்வைத் தொடங்க 40 நொடி தரும் இன்னொரு சிறிய கடிகாரமும் இருக்கிறது. இந்த 40 நொடிதான் ஆட்டத்தின் முடிவுகளைத் தீர்மானிக்கிறது. முன்னிலையில் உள்ள அணியிடம் பந்து இருந்து, இரண்டு நிமிடம் மீதமிருந்து, எதிரணியிடம் நேரக் கோரிக்கை எதுவும் இல்லாவிட்டால், குவார்ட்டர்பேக் பந்தை வாங்கி முழங்காலிட்டால் போதும். ஒவ்வொரு முறையும் 40 நொடி கரையும்; மூன்று முறை முழங்காலிட்டால் ஆட்டம் முடிந்துவிடும். தோற்கும் அணி எதுவும் செய்யாமல் நிற்பது சோம்பலால் அன்று. அதற்கு மாறாக, பின்தங்கிய அணியின் குவார்ட்டர்பேக் பந்தை வாங்கிய மறுநொடியே காலடியில் தரையில் அடிப்பார். ஒரு டவுனை இழந்து கடிகாரத்தை நிறுத்தும் உத்தி அது. தவறு செய்துவிட்டார் என்று எண்ணவேண்டாம்.

சமநிலையில் முடிந்தால் பருவ ஆட்டங்களில் பத்து நிமிடக் கூடுதல் நேரம். 2025 முதல் அதில் இரு அணிகளுக்கும் பந்தை வைத்து ஆட ஒரு வாய்ப்பாவது உண்டு. அதன் பிறகும் சமமென்றால் ஆட்டம் சமநிலையிலேயே முடியும். பிளேஆஃப் ஆட்டங்களில் வெற்றியாளர் கிடைக்கும்வரை ஆடுவார்கள்.

5. தாக்கும் அணியின் பதினொருவர்

இப்போது இடங்களுக்கு வரலாம். எண்ணிக்கையாகக் கற்காமல், வேலையின்படி மூன்று குழுக்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் குழு, பந்துக்கு நேரே வரிசையாக நிற்கும் ஐந்து பேர். நடுவில் இருப்பவர் சென்டர். அவரே பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் அனுப்பி நகர்வைத் தொடங்குபவர். அவருக்கு இருபுறமும் கார்டு இருவர், அவர்களுக்கு வெளியே டாக்கிள் இருவர். இவர்கள் பந்தை எறிவதில்லை, பிடிப்பதில்லை, பெரும்பாலும் தொடுவதும் இல்லை. ஆனாலும் ஒரு நகர்வின் வெற்றி தோல்வி முதல் இரண்டு நொடிகளில் இந்த ஐவரிடமே முடிவாகிவிடுகிறது. வர்ணனையில் இவர்களுடைய பெயர் பெரும்பாலும் தண்டனை வாங்கும்போதுதான் கேட்கும் என்பதை நான் ஒரு பெருங்குறையாகவே கருதுகிறேன். வலக்கையால் எறியும் குவார்ட்டர்பேக்கின் முதுகுப்பக்கத்தைக் காப்பவர் இடது டாக்கிள்; ஓர் அணியின் விலையுயர்ந்த ஆட்டக்காரர்களில் அவரும் ஒருவராக இருப்பது அதனால்தான்.

இரண்டாவது, குவார்ட்டர்பேக். இவர் ஒருவரே ஒரு குழு. பயிற்சியாளரிடமிருந்து தலைக்கவச ஒலிபெருக்கியில் நகர்வின் பெயரைக் கேட்டுத் தோழர்களுக்குச் சொல்வார். தடுக்கும் அணியின் நிலையைப் பார்த்துத் தேவையென்றால் கடைசி நொடியில் மாற்றுவார். பந்தை வாங்கி எறிவார், கொடுப்பார், அல்லது தாமே ஓடுவார்.

மூன்றாவது, பந்தைக் கொண்டுபோகும் ஐந்து பேர். இவர்களின் கலவை நகர்வுக்கு நகர்வு மாறும். பின்னால் நின்று பந்தைக் கையில் வாங்கி ஓடுபவர் ரன்னிங் பேக். ஓரங்களில் நின்று எறியும் பந்தைப் பிடிக்க ஓடுபவர்கள் வைட் ரிசீவர்கள். இருவேலையும் செய்பவர் டைட் எண்ட்: ஒரு நகர்வில் ஐவர் வரிசையின் ஓரத்தில் சேர்ந்து தடுப்பார், அடுத்ததில் பந்தைப் பிடிக்க ஓடுவார். எத்தனை ரிசீவர்கள், எத்தனை டைட் எண்டுகள் களத்தில் இருக்கிறார்கள் என்று எண்ணினால் அணி ஓட நினைக்கிறதா, எறிய நினைக்கிறதா என்பதற்கு முதல் அடையாளம் கிடைத்துவிடும்.

தாக்கும் அணியில் 50 முதல் 79 வரையிலான எண் அணிந்தவர்கள் வரிசைக்காரர்கள். நடுவரிடம் முன்கூட்டிச் சொல்லாமல் அவர்கள் முன்னோக்கி எறியப்பட்ட பந்தைப் பிடிக்க முடியாது. மற்ற இடங்களுக்கான எண் விதிகள் 2021-இல் பெரிதும் தளர்த்தப்பட்டுவிட்டன. எனவே 'ரிசீவர் என்றால் 80-களில்தான் எண்' என்று சொல்லும் பழைய பட்டியல்களை நம்பவேண்டாம்.

பந்தை முன்னோக்கி எறிவது ஒரு நகர்வில் ஒரே ஒரு முறைதான், அதுவும் பந்து தொடங்கிய கோட்டுக்குப் பின்னாலிருந்துதான். பின்னோக்கி எறிவதற்கு அளவே இல்லை.

6. தடுக்கும் அணி

தடுக்கும் அணியை முன்னிருந்து பின்னாக மூன்று அடுக்குகளாகப் பாருங்கள். முதல் அடுக்கில் டிஃபென்சிவ் டாக்கிள்களும் எண்டுகளும்: ஐவர் வரிசையை உடைத்துக் குவார்ட்டர்பேக்கை எட்டுவதும் ஓட்டத்தை நிறுத்துவதும் அவர்கள் வேலை. குவார்ட்டர்பேக்கை எறியுமுன்பே வீழ்த்தினால் அதற்கு சாக் என்று பெயர். இரண்டாம் அடுக்கில் லைன்பேக்கர்கள்: ஓட்டத்தை நோக்கி முன்னேறவும், எறிதலைத் தடுக்கப் பின்வாங்கவும், திடீரென்று குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாயவும் கூடியவர்கள். மூன்றாம் அடுக்கில், ஓரத்து ரிசீவர்களைத் தொடரும் கார்னர்பேக்குகளும், எல்லோருக்கும் பின்னால் நின்று கடைசிக் காவலாக இருக்கும் சேஃப்டிகளும்.

நான்கு-மூன்று, மூன்று-நான்கு என்று நூல்களில் வரும் அமைப்புகள் முதல் இரண்டு அடுக்கின் எண்ணிக்கையைச் சொல்பவை. இன்றைய ஆட்டத்தில் எறிதல் மிகுந்துவிட்டதால், ஒரு லைன்பேக்கரை எடுத்துவிட்டு ஐந்தாவது பின்னடுக்குக்காரரைச் சேர்க்கும் நிக்கல் அமைப்பே அடிக்கடி தென்படும். ஆகவே அமைப்புப் பெயர்களில் நேரத்தைச் செலவிடவேண்டாம். நகர்வுக்கு முன் சேஃப்டிகள் எங்கே நிற்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள்: இருவரும் ஆழத்தில் இருந்தால் நீண்ட எறிதலை அஞ்சுகிறார்கள், ஒருவர் முன்னால் இறங்கி வந்தால் ஓட்டத்தை எதிர்பார்க்கிறார்கள்.

7. உதைக்கும் படை

கிக்கர் ஃபீல்டு கோலையும் தொடக்க உதையையும் உதைப்பவர். பண்டர் நான்காம் டவுனில் எதிரணியைத் தள்ளிவைக்க உதைப்பவர். பந்தைப் பெறுபவர் கையை உயர்த்தி அசைத்தால், அவரைத் தொடக்கூடாது, அவரும் ஓடக்கூடாது. 2024-இல் மாற்றப்பட்ட தொடக்க உதையில், உதைப்பவரைத் தவிர மற்ற பத்துப் பேரும் எதிரணிக்கு அருகே போய் நின்று பந்து விழும்வரை அசையாமல் இருப்பதைப் பார்த்துத் திகைக்கவேண்டாம். அதிவேக மோதல்களைக் குறைக்கவே அந்த ஏற்பாடு.

8. மஞ்சள் கொடி

நடுவர் மஞ்சள் துணியை எறிந்தால் விதிமீறல். வெள்ளைத் தொப்பி அணிந்த தலைமை நடுவர் ஒலிபெருக்கியில் யார், என்ன, எத்தனை யார்டு என்று அறிவிப்பார். எல்லாவற்றையும் கற்கவேண்டியதில்லை, அடிக்கடி வரும் சில போதும். பந்து நகருமுன் தாக்கும் அணியினர் அசைந்தால் ஐந்து யார்டு. தடுக்கும் அணியினர் முந்திக்கொண்டாலும் ஐந்து. தாக்கும் அணியினர் எதிராளியைப் பிடித்து இழுத்தால் பத்து. தடுக்கும் அணியினர் ரிசீவரைப் பிடித்தால் ஐந்து யார்டுதான், ஆனால் அதோடு புதிய முதல் டவுனும் கிடைத்துவிடும். எறிந்த பந்தைப் பிடிக்கவிடாமல் ரிசீவரைத் தடுத்தால், குற்றம் நடந்த இடத்திலேயே பந்து வைக்கப்படும்; 40 யார்டு தொலைவில் நடந்தால் 40 யார்டும் போயிற்று. எறிந்து முடித்த குவார்ட்டர்பேக்கைத் தாக்கினாலோ முகக்கவசத்தைப் பிடித்து இழுத்தாலோ பதினைந்து.

தண்டனையை எதிரணி வேண்டாம் என்று மறுக்கலாம் என்பதுதான் புதியவர்களைப் பெரிதும் குழப்புவது. மூன்றாம் டவுனில் பத்து தேவை என்ற நிலையில் தாக்கும் அணி தவறு செய்தும் இரண்டு யார்டே முன்னேறியிருந்தால், தண்டனையை ஏற்று அந்த அணிக்கு மறுபடி மூன்றாம் டவுன் தருவதைவிட, மறுத்துவிட்டு நான்காம் டவுனுக்குத் தள்ளுவது தடுக்கும் அணிக்கு லாபம்.

சிவப்புக் கொடி வேறு. அது நடுவரின் தீர்ப்பை மறு ஆய்வு செய்யும்படி பயிற்சியாளர் எறிவது. தோற்றால் அவர் ஒரு நேரக் கோரிக்கையை இழப்பார். புள்ளி எடுத்த நகர்வுகளும் பந்து பறிபோன நகர்வுகளும் தாமாகவே ஆய்வுக்கு உட்படுவதால் அவற்றுக்குக் கொடி தேவையில்லை.

இன்னொரு பொறி: பிடித்தல். என்.எஃப்.எல்.-இல் பந்தைக் கட்டுப்பாட்டில் வைத்து இரு பாதங்களும் எல்லைக்குள் பதியவேண்டும். கல்லூரி ஆட்டத்தில் ஒரு பாதம் போதும். அதேபோல் கல்லூரியில் முழங்கால் தரையைத் தொட்டாலே நகர்வு முடிந்தது, என்.எஃப்.எல்.-இல் எதிராளி தொட்டு விழுந்திருக்கவேண்டும், தானாக வழுக்கி விழுந்தவர் எழுந்து ஓடலாம்.

9. கற்றதைச் சோதிக்க ஒரு பகுதி

2023 பிப்ரவரி 12 அன்று நடந்த 57-ஆவது சூப்பர் பவுலின் கடைசி ஐந்தரை நிமிடங்களைத் தேடிப் பாருங்கள். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் டச்டவுனுக்குப் பின் இரண்டு புள்ளி முயற்சியிலும் வென்று 35-35 என்று சமன் செய்கிறது. பந்து கன்சாஸ் சிட்டி சீஃப்ஸிடம் வருகிறது. குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் அணியை எதிர்முனைக்கு அருகே கொண்டுவந்த பிறகு, ஏறத்தாழ இரண்டு நிமிடம் மீதமிருக்கையில், மூன்றாம் டவுனில் எட்டு. எறிந்த பந்து பிடிக்கப்படவில்லை. அங்கேயே நின்றிருந்தால் சீஃப்ஸ் ஃபீல்டு கோல் உதைத்து மூன்று புள்ளி முன்னிலை பெற்றிருக்கும்; ஈகிள்ஸிடம் பதிலடி கொடுக்கப் போதிய நேரமும் இருந்திருக்கும். ஆனால் ரிசீவரின் சட்டையைப் பிடித்ததற்காகக் கார்னர்பேக் ஜேம்ஸ் பிராட்பெரிமீது கொடி விழுகிறது. ஐந்து யார்டு பெரிதில்லை. புதிய முதல் டவுன் கிடைத்ததே எல்லாவற்றையும் மாற்றியது.

அடுத்த நகர்வில் ரன்னிங் பேக் ஜெரிக் மெக்கின்னனுக்கு டச்டவுன் வரை வழி திறந்தே இருக்கிறது. அவரோ கோல் கோட்டுக்குச் சற்று முன்பு தாமாகவே சறுக்கி விழுகிறார். ஆறு புள்ளியை எடுத்திருந்தால் பந்து ஈகிள்ஸுக்குப் போயிருக்கும், நேரமும் இருந்திருக்கும். அவர் விழுந்ததால் கடிகாரத்தைக் கரைக்க முடிந்தது. பிறகு குவார்ட்டர்பேக் முழங்காலிடுகிறார். எட்டு நொடி மீதமிருக்கையில் ஹாரிசன் பட்கர் 27 யார்டு ஃபீல்டு கோலை உதைக்கிறார், 38-35. டச்டவுனை வேண்டாம் என்று விட்ட அந்தச் சறுக்கல் ஏன் சரியான முடிவு என்பதை உங்கள் சொந்தச் சொற்களில் விளக்க முடிந்தால், இரண்டாவது, நான்காவது பகுதிகளை மறுபடி படிக்கவேண்டியதில்லை.

10. எப்போது பார்ப்பது

பருவம் செப்டம்பர் தொடக்கத்தில் ஆரம்பமாகி, ஓர் அணிக்கு 17 ஆட்டங்கள் என்ற கணக்கில் 18 வாரங்கள் நடக்கிறது. 32 அணிகளில் 14 பிளேஆஃப் சுற்றுக்குத் தகுதி பெறும். சூப்பர் பவுல் பிப்ரவரியில். அட்டவணை மே மாதத்தில் வெளியாகும்.

இந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பவர்களுக்கு நேரம் இப்படி அமையும். அமெரிக்கக் கிழக்குப் பகுதியின் ஞாயிறு பகல் ஒரு மணி ஆட்டங்கள் இரவு 10:30-க்குத் தொடங்கும். பிற்பகல் ஆட்டங்கள் நள்ளிரவு தாண்டி இரண்டு மணியளவில். ஞாயிறு இரவு ஆட்டம் நமக்குத் திங்கள் காலை 5:50. திங்கள் இரவு ஆட்டம் செவ்வாய் அதிகாலை. வியாழன் ஆட்டம் வெள்ளி அதிகாலை. நவம்பரின் முதல் ஞாயிறன்று அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்வைப்பதால் அன்று முதல் எல்லாமே நமக்கு ஒரு மணி நேரம் தாமதமாகும். நினைவூட்டலைக் கைபேசியில் இந்திய நேரத்தில் பதிந்து வைத்திருப்பவர்கள் அன்று மாற்றிக்கொள்ளவேண்டும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருப்பவர்கள் இந்த நேரங்களோடு இரண்டரை மணி கூட்டிக்கொள்ளலாம்.

நம் பகுதிக்கு மிகவும் வசதியானவை ஐரோப்பாவில் நடக்கும் ஆட்டங்கள். லண்டனில் அக்டோபரில் நடப்பவை பெரும்பாலும் நமக்கு மாலை ஏழு மணிக்குத் தொடங்கி இரவு பத்தரைக்குள் முடிந்துவிடுகின்றன. 2025-இல் டப்ளின், பெர்லின், மத்ரித் நகரங்களும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. உங்கள் முதல் முழு நேரலை ஆட்டத்தை இவற்றிலிருந்து தேர்ந்தெடுங்கள். தூக்கம் கெடாமல், கவனம் சிதறாமல் பார்க்கலாம்.

ஒரே நேரத்தில் நடக்கும் எல்லா ஆட்டங்களின் புள்ளி எடுக்கும் தருணங்களையும் மாற்றி மாற்றிக் காட்டும் ரெட்ஸோன் நிகழ்ச்சியைத் தொடக்கத்தில் தவிருங்கள். டவுன்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டி எழும் விதம் அதில் தெரியாது. நேரம் இல்லாதவர்கள் மறுநாள் கேம் பாஸில் கிடைக்கும் 40 நிமிடச் சுருக்கத்தைப் பார்ப்பது நல்லது. நகர்வுகளுக்கு இடையிலுள்ள காத்திருப்பு மட்டும் நீக்கப்பட்டு எல்லா நகர்வுகளும் அதில் இருக்கும். கடிகாரப் பாடத்துக்கு மட்டும் அது உதவாது, ஏனென்றால் அங்கே நீக்கப்படுவதே அந்த 40 நொடிகள்தான். அதற்கு நான்காம் காலாட்டத்தையாவது முழு ஒளிபரப்பில் பாருங்கள்.